அரக்கோணத்து ராஜாளி யார் வீட்டுப் பறவை?

காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையில் பொழுது விடிந்ததும் காதில் விழுவது தறிச் சத்தம். ஒரு பக்கம் பாலாறு. மறு பக்கம் கோயில் கோபுரங்கள். நடுவே பட்டு நெய்யும் வீடுகள்.

திடீரென்று வானத்தில் ஓர் உறுமல் கேட்கும். தறிச் சத்தத்தையும் அது அமுக்கிவிடும். பிள்ளைகள் தெருவுக்கு ஓடி வருவார்கள்.

"தாத்தா! பட்டாளத்து ஏரோப்பிளேன்!"

"பட்டாளம்னா எந்தப் பட்டாளம்டா?"

தாத்தா கேட்கும் இந்தக் கேள்வி சாதாரணக் கேள்வி அல்ல. இந்தக் கேள்விக்காக டில்லியில் மந்திரிகளும் தளபதிகளும் பல ஆண்டுகள் மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். லண்டனிலும் வாஷிங்டனிலும் இதே சண்டை நடந்திருக்கிறது. போர்க்களத்தில் உயிர்களும் போயிருக்கின்றன.

விமானம் என்றால் அது விமானப்படையுடையதுதானே என்று நினைக்கத் தோன்றும். அதுதான் இல்லை. காஞ்சிபுரம் வட்டாரத்தில் பறக்கும் அந்தப் பெரிய சாம்பல் நிற விமானம் கடற்படைக்குச் சொந்தம்!

கடல் இல்லாத ஊரில் கடற்படை

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது அரக்கோணம். ரெயில் சந்திப்பு. அங்கே கடல் கிடையாது. கடலைப் பார்க்க வேண்டுமானால் சுமார் 70 கிலோமீட்டர் ரெயிலேறிச் சென்னைக்குப் போக வேண்டும். ஆனாலும் அங்கே கடற்படையின் பெரிய விமானத் தளம் இருக்கிறது. அதன் பெயர் 'ஐ.என்.எஸ். ராஜாளி'. நல்ல தமிழ்ப் பெயர். ராஜாளி என்பது வேட்டையாடும் பறவை.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் அங்கே ஒரு விமான ஓடுதளம் இருந்தது. யுத்தம் முடிந்த பிறகு பல ஆண்டுகள் அது கவனிப்பாரற்றுக் கிடந்தது. பிறகு கடற்படை அதை எடுத்துப் புதுப்பித்தது. 1992-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி, அப்போது ஜனாதிபதியாக இருந்த ஆர். வெங்கட்ராமன் தளத்தைத் தொடங்கிவைத்தார். ஓடுபாதையின் நீளம் 4 கிலோமீட்டருக்கும் மேல்!

இவ்வளவு நீளம் எதற்கு? அங்கே வந்து இறங்கிய விமானம் அப்படி. 'டி.யு.142' என்று அதற்குப் பெயர். சோவியத் ரஷ்யாவிலிருந்து 1988-ல் வாங்கியது. மொத்தம் 8 விமானங்கள். முதலில் கோவாவில் இருந்தன. 1992-ல் அரக்கோணத்துக்கு வந்தன. ஒவ்வொரு விமானத்துக்கும் நான்கு எஞ்சின். ஒவ்வொரு எஞ்சினிலும் இரண்டு காற்றாடிகள். ஒன்று இடப் பக்கமாகச் சுற்றினால் மற்றது வலப் பக்கமாகச் சுற்றும். அது போட்ட சத்தம் சுற்று வட்டாரத்தில் கொஞ்ச நஞ்சமல்ல. 2017 மார்ச் 29-ந் தேதி அந்தக் கிழட்டு யானைகளுக்கு அரக்கோணத்திலேயே ஓய்வு கொடுத்தார்கள்.

அதற்கு முன்பே, 2013 மே மாதத்தில் அமெரிக்காவின் 'போயிங் பி.8ஐ' வந்து சேர்ந்துவிட்டது. வெளித் தோற்றத்தில் அது பயணிகள் ஏறும் விமானம் மாதிரிதான் இருக்கும். ஆனால் வயிற்றில் இருப்பவை வேறு. கடலுக்கு மேல் பறந்துகொண்டே சின்னச் சின்ன மிதவைகளைக் கீழே போடும். ஒவ்வொரு மிதவையிலும் ஒரு 'காது' இருக்கும். அந்தக் காது தண்ணீருக்குள் இறங்கி, நீர்மூழ்கிக் கப்பலின் எஞ்சின் சத்தம் கேட்கிறதா என்று கவனிக்கும். கேட்டால் உடனே மேலே சொல்லும். மேலே இருப்பவர்கள் திரையில் பார்த்து, எதிரி எந்தத் திசையில் போகிறான் என்று கணக்குப் போடுவார்கள். வேண்டுமானால் நீருக்குள் பாயும் 'டார்ப்பிடோ' குண்டையும் போடலாம்.

இந்த வேலையை யார் செய்வது? விமானத்தில் பறப்பதால் விமானப்படையா? தேடுவது கப்பலை என்பதால் கடற்படையா?

வம்பு இங்கேதான் தொடங்குகிறது.

லண்டனில் பிறந்த தகராறு

விமானம் கண்டுபிடித்த புதிதில் இந்தத் தகராறு இல்லை. பிரிட்டனில் தரைப்படை தனக்கு வேண்டிய விமானங்களைத் தானே வைத்துக்கொண்டது. கடற்படையும் அப்படியே. முதல் உலக யுத்தத்தில் ஜெர்மன் விமானங்கள் லண்டன் மீதே குண்டு போட்டன. அதைத் தடுக்க வேண்டியது யார் என்று குழப்பம் வந்தது. இரண்டு படைகளும் ஒரே எஞ்சினுக்கு, ஒரே தொழிற்சாலையில் போட்டி போட்டு ஆர்டர் கொடுத்தன.

பிரிட்டிஷ் சர்க்கார் பார்த்தது. இரண்டையும் சேர்த்து 1918 ஏப்ரல் 1-ந் தேதி தனி விமானப்படை அமைத்துவிட்டது. கடற்படையிலிருந்து சுமார் 55 ஆயிரம் பேர் ஒரே நாளில் புதுப் படைக்குப் போனார்கள். கடற்படைத் தளபதிகளுக்கு ஆத்திரம். வளர்த்த பிள்ளையைப் பறிகொடுத்த மாதிரி இருந்தது. கப்பலில் ஏறி இறங்கும் விமானங்களையாவது திருப்பிக் கொடுங்கள் என்று ஓயாமல் கேட்டார்கள். 1937-ல்தான் சர்க்கார் இணங்கியது. 1939-ல் விமானங்கள் கைக்கு வந்தன. சில மாதங்களில் இரண்டாம் உலக யுத்தம் வந்துவிட்டது!

ஆனால் கரையிலிருந்து கிளம்பிக் கடலை வேவு பார்க்கும் விமானங்களை விமானப்படை விடவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதை. அங்கே 1947-ல் தனி விமானப்படை வந்தது. யாருக்கு எந்த வேலை என்று பிரிப்பதற்காக, 1948 மார்ச்சில் 'கீ வெஸ்ட்' என்ற ஊரில் தளபதிகளை உட்காரவைத்துப் பேசினார்கள். காகிதத்தில் பாகப்பிரிவினை முடிந்தது. மனத்தில் முடியவில்லை. அடுத்த ஆண்டே கடற்படையின் பெரிய விமானம் தாங்கிக் கப்பல் திட்டத்தை சர்க்கார் ரத்து செய்ய, கடற்படைத் தளபதிகள் வெளிப்படையாகவே கொதித்தெழுந்தார்கள்.

1942-ல் ஒரு விமானம்

கடலுக்கு மேலே ஒரு கண் இருந்தால் என்ன லாபம்? இல்லாவிட்டால் என்ன நஷ்டம்? நம் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது.

1942 ஏப்ரல் 4. இலங்கையின் தென்கோடியில் உள்ள கொக்கலையிலிருந்து ஒரு 'காட்டலினா' விமானம் கிளம்பியது. தண்ணீரிலேயே இறங்கி ஏறும் விமானம் அது. ஓட்டியவர் கனடா நாட்டு விமானப்படை அதிகாரி லியனார்ட் பிர்ச்சால். பொழுது சாயும் நேரம். திரும்பப் போகிற சமயத்தில் தொலைவில் சில புள்ளிகள் தெரிந்தன. கிட்டப் போய்ப் பார்த்தார். ஜப்பானியப் போர்க் கப்பல்கள்! ஒன்றல்ல, இரண்டல்ல. ஒரு பெரிய படையே இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்தது.

உடனே வயர்லெஸ்ஸில் செய்தி பறந்தது. அதற்குள் ஜப்பானிய சண்டை விமானங்கள் பாய்ந்து காட்டலினாவைச் சுட்டு வீழ்த்தின. பிழைத்தவர்களைக் கடலிலிருந்து தூக்கிக் கைதியாக்கினார்கள். யுத்தம் முடியும் வரையில் பிர்ச்சால் கைதியாகவே இருந்தார். ஆனால் செய்தி கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் குண்டு வீச்சு நடந்தபோது கொழும்பு விழித்துக்கொண்டிருந்தது.

அதற்கு அடுத்த நாள், ஏப்ரல் 6-ந் தேதி, விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னை கிடுகிடுத்தது. மூட்டை முடிச்சுகளோடு ஜனங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு ஓடினார்கள். அந்த ஓட்டத்தைப் பற்றிப் பாட்டிமார்கள் வெகு காலம் கதை சொன்னதுண்டு.

கண் ஒருவரிடம், கை ஒருவரிடம்

சுதந்திர இந்தியாவுக்கு பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன சொத்துக்களில் இந்தப் பாகப்பிரிவினை வழக்கும் ஒன்று.

இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8-ந் தேதி தோன்றியது. கடற்படைக்கு 1953-ல் கொச்சியில் முதல் விமானத் தளம் கிடைத்தது. 1961-ல் 'விக்ராந்த்' என்ற விமானம் தாங்கிக் கப்பல் வந்தது. அதன் மேல் ஏறி இறங்கும் விமானங்கள் கடற்படைக்கே சொந்தமாயின. அதில் தகராறு இல்லை.

கரையிலிருந்து நெடுந்தூரம் போய்க் கடலை வேவு பார்க்கும் வேலை மட்டும் விமானப்படையிடம் இருந்தது. அதற்கு 'சூப்பர் கான்ஸ்டலேஷன்' விமானங்கள் இருந்தன. ஏர் இந்தியாவில் பயணிகளை ஏற்றிப் பறந்து பழசாகிப் போன விமானங்கள் அவை.

1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு யுத்தம் வந்தது. கிழக்கே விக்ராந்த் விமானங்கள் சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்கின. விக்ராந்தைத் தேடி வந்த பாகிஸ்தானின் 'காஜி' நீர்மூழ்கிக் கப்பல் விசாகப்பட்டினத்துக்கு அருகே மூழ்கிப்போனது.

மேற்கே கதை வேறு. டிசம்பர் 9-ந் தேதி இரவு. குஜராத் கரைக்கு அப்பால் 'குக்ரி' என்ற நமது போர்க் கப்பல் நீர்மூழ்கி வேட்டையில் இருந்தது. பாகிஸ்தானின் 'ஹாங்கோர்' நீர்மூழ்கி அதை முந்திக்கொண்டது. டார்ப்பிடோ பாய்ந்தது. சில நிமிஷங்களில் குக்ரி மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டார்கள். கப்பல் தலைவர் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்க மறுத்து அதோடு போனார்.

ஒரு விமானம் மேலே இருந்திருந்தால் குக்ரி பிழைத்திருக்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. யுத்தத்தில் 'இருந்திருந்தால்' என்பதற்கு விலை கிடையாது. ஆனால் நீர்மூழ்கியோடு மல்லுக்கு நிற்பவன் கடற்படைக்காரன். அவனுக்காகக் கடலை வேவு பார்ப்பவன் வேறு படைக்காரன். அது வேறு தளபதியின் உத்தரவில் நடக்கிற காரியம். இது சரிதானா என்ற கேள்வி அதன் பின் பலமாக எழுந்தது.

1976-ல் சர்க்கார் முடிவு செய்தது. கடலை வேவு பார்க்கும் வேலை கடற்படைக்கு மாறியது. அந்த ஆண்டு நவம்பர் 18-ந் தேதி கோவாவில், பழைய சூப்பர் கான்ஸ்டலேஷன்களை வைத்துக்கொண்டு கடற்படை ஓர் அணியைத் தொடங்கியது. அதன் எண் 312. அந்த அணிதான் பிறகு ரஷ்ய விமானங்களை ஓட்டியது. அதே அணிதான் அரக்கோணத்துக்குக் குடி வந்தது. இப்போது ஓரிக்கைப் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கும் போயிங்கும் அதே 312-ம் அணியுடையதுதான்!

மாற்றம் பலன் தந்ததா? 1988 நவம்பரில் மாலத்தீவைக் கூலிப்படையினர் பிடிக்கப் பார்த்தார்கள். இந்தியாவிடம் உதவி கேட்டு அவசரச் செய்தி வந்தது. விமானப்படையின் பெரிய விமானங்கள் ஆக்ராவிலிருந்து தரைப்படை வீரர்களை ஏற்றிக்கொண்டு அன்றிரவே போய் இறங்கின. கூலிப்படையினர் சிலர் ஒரு கப்பலைப் பிடித்து, ஆட்களைப் பிணையாக வைத்துக்கொண்டு தப்பி ஓடினார்கள். கடற்படையின் வேவு விமானங்கள் அந்தக் கப்பலை விடாமல் பின்தொடர்ந்தன. போர்க் கப்பல்கள் போய் மடக்கின. மூன்று படைகளும் அவரவர் வேலையைச் செய்தன.

மலை மேல் சிப்பாய்

கடலில் ஒரு வழியாகத் தீர்ந்தது. தரையில் தீரவில்லை.

1965 செப்டம்பர் 1-ந் தேதி. காஷ்மீரில் சாம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்கிகள் புகுந்தன. தரைப்படை திணறியது. விமானங்களை அனுப்பும்படி மாலையில் கோரிக்கை வந்தது. ராணுவ மந்திரி சவான் அனுமதி கொடுத்தார். பதான்கோட்டிலிருந்து விமானங்கள் பறந்தன. எதிரியின் முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை விழுந்தது. ஆனால் நான்கு 'வாம்பயர்' விமானங்கள் வீழ்ந்தன. மங்கிய வெளிச்சத்தில் நம்மவர் யார், எதிரி யார் என்று தெரியாமல் சில குண்டுகள் நம் சிப்பாய்கள் மீதே விழுந்தன. தரையில் இருப்பவனும் வானத்தில் இருப்பவனும் பேசிக்கொள்ள ஒழுங்கான ஏற்பாடு அப்போது இல்லை.

பீரங்கிக்குக் குறி பார்த்துச் சொல்லும் சிறு விமானங்கள் விஷயத்திலும் ஒரு வேடிக்கை. ஓட்டுபவர் தரைப்படை அதிகாரி. விமானம் விமானப்படையுடையது! இந்தக் கூட்டுக் குடித்தனம் 1986 வரை நடந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1-ந் தேதி தரைப்படைக்கென்று தனியே ஒரு விமானப் பிரிவு ஏற்பட்டது. சின்ன ஹெலிகாப்டர்கள் அதற்குப் போயின. குண்டு போடும் பெரிய ஹெலிகாப்டர்களை விமானப்படை கொடுக்கவில்லை.

பிறகு கார்கில் வந்தது. 1999 மே மாதம். எதிரிகள் மலை உச்சிகளில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். சிப்பாய்கள் கீழிருந்து ஏற வேண்டும். ஹெலிகாப்டர் அனுப்புங்கள் என்று தரைப்படை கேட்டது. அவ்வளவு உயரத்தில் தாக்கும் ஹெலிகாப்டர் வேலை செய்யாது. மேலும் விமானத்தை யுத்தத்தில் இறக்க சர்க்கார் அனுமதி வேண்டும் என்றது விமானப்படை. இதில் நாட்கள் கழிந்தன. அனுமதி கிடைத்து மே 26-ந் தேதி தாக்குதல் தொடங்கியது. மறுநாள் இரண்டு விமானங்கள் போயின. அதற்கு மறுநாள் ஒரு 'எம்.ஐ.17' ஹெலிகாப்டர் சுடப்பட்டு நாலு பேர் மாண்டார்கள். ஹெலிகாப்டர் பற்றி விமானப்படை எச்சரித்தது பொய்யில்லை. தரைப்படை அவசரப்பட்டதும் பொய்யில்லை. கீழே பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு 'மிராஜ்' விமானங்கள் உயரத்திலிருந்து குறி தவறாத குண்டுகளைப் போட்டு நிலைமையை மாற்றின.

என்ன தவறு நடந்தது என்று ஆராய சர்க்கார் ஒரு குழு அமைத்தது. அதன் தலைவர் கே. சுப்பிரமணியம். திருச்சியில் பிறந்தவர். அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாகவே, மூன்று படைகளுக்கும் பொதுவாக ஒருவர் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. 20 ஆண்டுகள் கழித்துத்தான் அது நடந்தது. 2020 ஜனவரி 1-ந் தேதி ஜெனரல் பிபின் ராவத் முப்படைத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார்.

இரண்டு நியாயங்கள்

ராவத் ஒரு திட்டம் வைத்தார். எல்லையைப் பகுதி பகுதியாகப் பிரிப்பது. ஒவ்வொரு பகுதியிலும் தரை, கடல், வானம் மூன்றும் ஒரே தளபதியின் கீழ். விமானப்படை தயங்கியது. 2021 ஜூலையில், விமானப்படை மற்றப் படைகளுக்குத் துணை நிற்கும் படை என்ற பொருளில் ராவத் பேசினார். துணை மட்டும் அல்ல என்று விமானப்படைத் தளபதி பதௌரியா அன்றே பதில் சொன்னார். பத்திரிகைகளில் பெரிதாக வந்தது.

விமானப்படையின் நியாயம் இதுதான். சிப்பாய் நாளெல்லாம் நடந்தாலும் சில மைல்தான். சண்டை விமானம் காலையில் பஞ்சாபில், மாலையில் அஸ்ஸாமில் இருக்கலாம். அதைப் பகுதிக்குக் கொஞ்சம் என்று பங்கு போட்டால், ஒரு பக்கம் விமானம் சும்மா நிற்கும். இன்னொரு பக்கம் பற்றாக்குறை. அதுவும் விமானப்படைக்கு 42 சண்டை அணிகள் இருக்க வேண்டும் என்று கணக்கு. 2025 செப்டம்பர் 26-ல் பழைய 'மிக்21' விமானங்கள் ஓய்வு பெற்றபோது 29 அணிகளாகக் குறைந்துவிட்டது. இருக்கிற சோற்றை எத்தனை இலைக்குப் பரிமாறுவது?

மற்றவர்கள் நியாயம் வேறு. அவசரத்துக்கு அண்டை வீட்டில் போய்க் கேட்டு நிற்க முடியுமா?

ஓரிக்கை நெசவாளர்களுக்கு இது சட்டென்று புரியும். காஞ்சிப் பட்டில் கோர்வைச் சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். தறியில் உட்கார்ந்தவர் ஒருவர்; பக்கத்திலிருந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுப்பவர் இன்னொருவர். கரையும் உடலும் கோக்கும் இடத்தில் ஒரு இழை தப்பினாலும் சேலை அங்கேதான் பிரியும். இழுத்துப் பார்த்துச் சேலை வாங்கும் பெண்கள் அந்த இடத்தைத்தான் முதலில் இழுக்கிறார்கள்.

ராவத் தம் திட்டம் நிறைவேறுவதைப் பார்க்கவில்லை. 2021 டிசம்பர் 8-ந் தேதி கோவை சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டரில் வெலிங்டன் போனார். குன்னூருக்கு அருகே அது மரங்களில் மோதி விழுந்தது. பக்கத்துக் கிராமத்தார் போர்வைகளோடும் தண்ணீர்க் குடங்களோடும் ஓடினார்கள். ராவத், அவர் மனைவி உள்பட 13 பேர் அன்றே மாண்டார்கள். பிழைத்த ஒரு அதிகாரியும் ஒரு வாரத்தில் கண்ணை மூடினார்.

திட்டத்தைப் பற்றிய வாதம் 2025 ஆகஸ்டிலும் நடந்தது. அவசரம் வேண்டாம் என்றார் விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங். ஆனால் ஹெலிகாப்டர் வழக்கு மட்டும் ஒருவாறு முடிந்தது. விமானப்படை 22 'அப்பாச்சி' ஹெலிகாப்டர்கள் வாங்கியது. தரைப்படை தனக்கென்று 6 வாங்கியது. தரைப்படையின் முதல் மூன்றும் 2025 ஜூலையில் வந்திறங்கின.

தமிழ்நாட்டு வானம்

இந்தக் கோர்வை தமிழ்நாட்டின் மேலேயே ஓடுகிறது. அரக்கோணத்தில் கடற்படையின் வேவு விமானம். ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் கடற்படையின் இன்னொரு தளம். அதன் பெயர் 'பருந்து'. தஞ்சாவூரிலோ விமானப்படை! 2020 ஜனவரியில் அங்கே 'சுகோய்' விமான அணி ஒன்று வந்தது. கப்பலைத் தாக்கும் 'பிரம்மோஸ்' ஏவுகணை அதன் வயிற்றில் தொங்கும். அதாவது, கடலில் எதிரிக் கப்பலைத் தேடிக் கண்டுபிடிப்பது அரக்கோணத்துக் கடற்படை விமானம். அதை அடிக்கப் பறந்து போகக் கூடியது தஞ்சாவூர் விமானப்படை விமானம். இரண்டுக்கும் நடுவே ஒரு வார்த்தை தவறாமல் போய்ச் சேர வேண்டும்.

யுத்தம் இல்லாத நாட்களில் ராஜாளிக்கு வேறு வேலையும் உண்டு. ஹெலிகாப்டர் ஓட்டப் பழகும் பள்ளிக்கூடம் அங்கே இருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மீனம்பாக்கம் விமான நிலையம் முழுகியபோது, பயணிகள் விமானங்கள் அரக்கோணத்தில்தான் இறங்கி ஏறின. போர்ப் பறவையின் கூட்டில் கைக்குழந்தையோடு தாய்மார்கள் வரிசையில் நின்றார்கள்.

ஓரிக்கையில் அடுத்த முறை உறுமல் கேட்டால் பிள்ளைகள் இப்படி அடையாளம் பார்க்கலாம். சாம்பல் நிறம், இறக்கைக்கு அடியில் இரண்டு எஞ்சின், பயணிகள் விமானம் மாதிரி உடம்பு; ஆனால் பக்கவாட்டில் வரிசையாக ஜன்னல் இருக்காது. அது கிழக்கே திரும்பினால் வங்கக் கடலுக்குப் போகிறது என்று அர்த்தம். திரும்பி வரப் பல மணி நேரம் ஆகும்.